வெள்ளகவியில் ஹவாய் செருப்பு

செருப்பே போடாத ஊருக்குச் செருப்புத் தொழில் வாங்கிக் கொடுத்தவன் நான். இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முத்திரை குத்திய தாளில், என் கையெழுத்தோடு நடந்த காரியம் அது. அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் எனக்கு விரிவாக்க அலுவலர் வேலை. மலைக் கிராமங்களில் சிறு தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு மானியத்துக்கும் வங்கிக் கடனுக்கும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இயந்திரம் வந்ததும் சரக்கை விற்க வழி சொல்ல வேண்டும். வயது இருபத்தாறு. வேலையில் சேர்ந்த கையோடு மதுரைக்கு அனுப்பிப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். விற்பனை ஒரு சாஸ்திரம் என்று அங்கே சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அதுவரை ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊரெல்லாம் மேகம் இறங்கி, எதிர்க் கடை தெரியாத காலை. வெள்ளகவியிலிருந்து ஏறி வந்திருந்தார். கொடைக்கானலுக்குக் கீழே, மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான், அதுவும் செங்குத்து. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. சில்லிட்ட சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றார். பாவம், ஒரு செருப்புக்குக்கூட வழியில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு மிஷினு வேணுங்க சார். காப்பிப் பழத்துல தோலு உரிக்கிற மிஷினு. கையால சுத்துறது. பெரியகுளத்துல ஏவாரி வச்சிருக்காரு, பாத்திருக்கேன்."

விஷயம் இதுதான். கணவர் விட்டுப்போன காப்பித் தோட்டம் அவர் கையில் இருந்தது. பழத்தைப் பறித்தபடியே பெரியகுளத்து வியாபாரிக்குக் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை. தோலுரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டையாகக் கொடுத்தால் விலையே வேறு. ஊரார் பழத்தையும் உரித்துக் கொடுக்கலாம். எல்லாம் அவரே யோசித்து வைத்திருந்தார். பயிற்சியில் எனக்குச் சொன்ன சாஸ்திரத்தில் பாதி அந்த அம்மாவின் தலையில் ஏற்கெனவே இருந்தது.

"ஒத்தப் பொம்பள தோட்டம் பாக்க முடியாதுன்னு கொழுந்தன் சொல்றாரு. அடுத்த பறிப்புக்குள்ள மிஷினு வந்துட்டா தோட்டம் எங்கிட்ட இருக்கும். இல்லாட்டி ஏவாரிக்கு ஏழு வருசக் குத்தகைக்கு விட்டுருவேன்னு பேசி வச்சிருக்காரு. வெரசா ஏதாச்சும் செய்ங்க சார்."

செய்கிறேன் என்றேன். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டமாகவில்லை. எங்களுக்கு எல்லாமே மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் ஒரு தொழில் ஒதுக்கியிருந்தார்கள். கவுஞ்சிக்கு மீன் வலை பின்னுதல். உருளைக்கிழங்கும் பூண்டும் தவிர வேறொன்றும் பிடிபடாத ஊர் அது. கிளாவரைக்குப் பனையோலை விசிறி. அங்கே ஆட்கள் மத்தியானத்திலும் கம்பளியைக் கழற்ற மாட்டார்கள். வெள்ளகவிக்கு ஹவாய் செருப்பு.

பட்டியல் போட்டவர் மலைக்கு வந்திருக்க மாட்டார் என்பது தெரிந்தது. இயந்திரங்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்துவிட்டு, மார்ச்சுக்குள் யார் தலையிலாவது கட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் மதுரைக்கு எழுதினேன். வெள்ளகவிக்குக் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம்தான் வேண்டும், மாற்றித் தரவும் என்று. பதில் வந்தது. ஊருக்கு நேரில் போய்ச் சந்தை ஆய்வுப் படிவத்தை நிரப்பி அனுப்பு, செருப்புக்கு மதிப்பெண் குறைவாக வந்தால் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளனே கிளம்பி இறங்கினேன். வட்டக்கானல் தாண்டியதும் பாதை சரியத் தொடங்கிவிடும். முழங்கால் கழன்று போகிற நேரத்தில் ஊர் வந்தது. ஊருக்கு முன்னால் ஒரு பெரிய மரம். அதன் கீழே ஓர் ஊர்ப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்தார்.

"பூட்ஸக் கழத்திருங்க சார்."

"ஏங்க?"

"ஊருக்குள்ள செருப்புப் போடுறதில்ல. வீட்டுக்கு வீடு, முக்குக்கு முக்கு சாமி கெடக்கு. ஊருக்குள்ள கோயிலா, கோயிலுக்குள்ள ஊரான்னு எங்களுக்கே தெரியாது. பொறந்த பிள்ளையில இருந்து யாருக்கும் செருப்பு கெடையாது."

பூட்ஸை மரத்தடியில் விட்டுவிட்டு, கல்லிலும் வேரிலும் கால் கூச நான் நடந்த அழகைப் பார்க்க ஊரே வெளியே வந்துவிட்டது. எனக்கோ ஒரே சந்தோஷம். இதைவிட என்ன வேண்டும்? செருப்பே போடாத ஊர் என்றால் மதிப்பெண் பூஜ்யம்தானே. அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். ஊரில் காலணி விற்கும் கடைகள் எத்தனை? இல்லை. காலணி செய்வோர் எத்தனை பேர்? இல்லை. வெளியூர்க் காலணி ஊருக்குள் வருகிறதா? இல்லை. வீடுகளில் தற்போது இருப்பில் உள்ள காலணிகள்? இல்லை. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று அழகாக எழுதினேன். ஏன் இல்லை என்று எழுதுவதற்கு மட்டும் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் இடம் இருந்தது, எழுதியிருக்கலாம். ஆனால் படிவத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்கிற மாணவன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வெள்ளகவிக்கு நூற்றுக்கு நூறு. போட்டிக் கடை இல்லை, ஐந்துக்கு ஐந்து. வெளிச் சரக்கு இல்லை, ஐந்துக்கு ஐந்து. இப்படியே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். போட்டியே இல்லாத இப்படியொரு சந்தை மாவட்டத்திலேயே கிடையாதாம். ரப்பர் ஷீட்டை இரண்டு மடங்காக்கி உத்தரவு போட்டிருந்தார்கள். கூடவே என் கடமையுணர்வுக்கு ஒரு பாராட்டு.

அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் காப்பி மிஷினுல்ல சார் கேட்டேன்."

இந்த இடத்தில்தான் நான் பெரிய புத்திசாலியானேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இதை வாங்கிக்கங்கம்மா. பதிவேட்டுல ஒரு தடவை உங்க பேர் ஏறிட்டா அடுத்த வருசம் காப்பி மிஷினுக்கு நீங்கதான் முதல் ஆள். அரசாங்க மிஷினு வீட்டுல இருந்தா கொழுந்தனும் ஒரு வருசம் பொறுப்பாரு" என்றேன். இப்படி ஒரு விதியை நான் எங்கேயும் படித்ததில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாகக் கவனமாகப் போட்டார்.

இயந்திரம் லாரியில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மட்டக்குதிரைகளின் முதுகில் இறங்கியது. இரும்புப் பிரஸ் ஒன்று, செருப்பு வடிவத்தில் அச்சுகள், நீலமும் வெள்ளையுமாக ரப்பர் ஷீட்டுகள், ஒரு சாக்கு நிறைய வார்கள். மரத்தடிக்கு வந்ததும் குதிரைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். செருப்பு மிஷினை ஊருக்குள் கொண்டுபோகலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படியொரு கேள்வி அந்த ஊரில் அதுவரை எழுந்ததே இல்லை.

ஊர் கூடியது. நான் ஓரமாக நின்றேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு இவ்வளவு பொறுப்பாக விவாதிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பூட்ஸைக் கழற்றச் சொன்ன அதே பெரியவர்தான் கேள்விகளைப் போட்டார்.

"ஏலே, மிஷினு செருப்பாலே?"

"இல்ல. அது இரும்பு."

"ரப்பரு?"

"ரப்பரு ரப்பருதான். அழிரப்பரு பிள்ளைக பையில இல்லையா?"

"வாரு?"

"வாரும் செருப்பு இல்ல. பைக்கு வாரு இருக்குல்ல."

"அப்ப எப்பத்தான் செருப்பாகுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரப்பரில் வாரை மாட்டியதும் என்றேன். ஒருவர் எழுந்து, ஒற்றைச் செருப்பு செருப்பாகுமா, ஜோடி சேர்ந்தால்தானா என்று கேட்டார். அதற்கே அரை மணி நேரம் போனது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். மிஷின் ஊருக்குள் வரலாம். ரப்பர் வரலாம். வெட்டலாம், ஓட்டை போடலாம். வாரை மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மாட்ட வேண்டும். மாட்டியது ஒற்றையானாலும் திரும்பி உள்ளே வரக் கூடாது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அப்படியே நடந்தது. அந்த அம்மா வீட்டில் பிரஸ்ஸை அழுத்தி அடிப்பாகம் வெட்டுவார். அதை ஒரு கூடையிலும் வாரை இன்னொரு கூடையிலும் போட்டு, இரண்டும் தவறி ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் மரத்தடிக்குத் தூக்கிப் போவார். அங்கே உட்கார்ந்து மாட்டுவார். செய்து முடித்ததை மரத்துக்கு வெளிப்புறம் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைப்பார். காப்பிச் செடிக்குக் கொத்திவிட வேண்டிய நேரமெல்லாம் இதில் போயிற்று.

விற்பது என் சோலி. பயிற்சியில் சொன்னபடி சரக்குக்குப் பெயர் வைத்தேன். 'வெள்ளகவி' என்று ஊர்ப் பெயரையே வைத்து, செருப்பில் பாதம் படுகிற இடத்தில் எழுத்துப் பதிய ஒரு முத்திரையும் மதுரையில் செய்து வாங்கினேன். முதல் ஜோடியைப் பார்த்த பெரியவருக்கு முகம் மாறிவிட்டது.

"எங்க ஊரு மேல கால வச்சு மிதிக்கச் சொல்றீங்களா?"

"விளம்பரங்க."

"அப்ப உங்க பேரப் போட்டுக்கிடுங்க. நல்லா மிதிக்கட்டும்."

முத்திரையை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். அடுத்த யோசனை, மரத்தடியிலேயே கடை. கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். அதாவது, வருகிறவரிடம் ஒரு பக்கம் செருப்பைக் கழற்றச் சொல்வோம். இன்னொரு பக்கம் புதுச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொல்வோம். வந்தவர்கள் பெரியவரையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடத்திக் கூட்டி வந்த ஒரு வாத்தியாருக்கு ஷூ வாயைப் பிளந்துவிட்டதால் ஒரு ஜோடி வாங்கினார். அந்த மாதம் முழுக்க விற்றது அதுதான்.

பிறகு மதுரையிலிருந்து மேலதிகாரி சோதனைக்கு வந்தார். பருத்த மனிதர். பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, மரத்தடியில் செருப்பைக் கழற்றச் சொன்னபோது வாதாடக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. பஞ்சுக் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தார். வீட்டில் வெட்டுவதையும் மரத்தடியில் மாட்டுவதையும் பார்த்துவிட்டு, ஏன் இரண்டு இடம் என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். எனக்குப் பயம். "இரண்டு கட்ட உற்பத்தி சார்" என்றேன். ஊரில் ஒருவர் காலிலும் செருப்பு இல்லையே என்றார். "எல்லாம் வெளியூருக்குத்தான் சார் போகுது. ஒரு ஜோடிகூட உள்ளூர்ல நிக்கிறதில்லை" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் நெகிழ்ந்துவிட்டார். தான் போடாமல் ஊருக்கெல்லாம் செருப்புச் செய்து அனுப்பும் பெண்மணி என்று எழுதி, மாவட்டத்தின் மாதிரித் தொழில்முனைவோராக அந்த அம்மாவைப் பரிந்துரைத்தார். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அடுத்த வருடப் பட்டியல் வந்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. வெள்ளகவி: காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம், ஒன்று. யாருடைய புண்ணியமோ, சரியான இயந்திரம் சரியான ஊருக்கு வந்துவிட்டது. பறிப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த அம்மாவின் பெயரை எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். மனு திரும்பி வந்தது. 'மனுதாரர் காலணித் தொழிலில் சிறந்து விளங்குபவர். ஒருவருக்கு ஒரு தொழில் மட்டுமே. வேறு நபரைப் பரிந்துரைக்கவும். தவறினால் இயந்திரம் வேறு ஒன்றியத்துக்கு மாற்றப்படும்.'

மதுரைக்கு ஓடினேன். அந்த அம்மா செருப்பில் ஒன்றும் சிறந்து விளங்கவில்லை, தகரப் பெட்டி நிறைய அப்படியே கிடக்கிறது என்றேன். மேலதிகாரி கோபப்படவில்லை. கோப்பைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். "இதுல இருக்கறது பொய்யா தம்பி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆமாம் பொய் என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். கோப்பை அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இதில் மட்டும் எனக்கு எந்த வேடிக்கையும் தெரியவில்லை.

ஊரில் வேறு ஆள் தேடினேன். செருப்பு விவகாரத்தைப் பார்த்தபின் நான் நீட்டுகிற தாளில் கைநாட்டு வைக்க அங்கே யாரும் தயாராக இல்லை. முன்வந்தது ஒரே ஒருவர், கொழுந்தன். வேண்டாம், இயந்திரம் திரும்பிப் போனாலும் போகட்டும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"வேணாம் சார். மிஷினு ஊருக்கு வரட்டும். அவரு பேருலயே போடுங்க. ஏவாரிக்குக் குத்தகை போறதுக்கு இது தேவல" என்றார்.

போட்டேன். இயந்திரம் வந்தது. மரத்தடியில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் நேராக உள்ளே போயிற்று. மிஷின் தன் பெயரில் இருக்கும்போது தோட்டம் மட்டும் அண்ணி கையில் எதற்கு என்று கொழுந்தன் கேட்டாராம். நாலு பேரை வைத்துப் பேசி அதையும் தானே எடுத்துக்கொண்டார். வியாபாரிக்குக் குத்தகைக்கு விடவில்லை. மிஷின் வந்தால் குத்தகை இல்லை என்று சொன்ன சொல்லை அந்த மட்டுக்கும் காப்பாற்றினார்.

பறிப்பு முடிகிற சமயத்தில் இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதப் போனேன். கொழுந்தன் சரக்கோடு பெரியகுளம் போயிருந்தார். அவர் வீட்டுப் பின்பக்கம் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, தொட்டிப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது அந்த அம்மா. கூலிக்கு. பழம் போடுகிற கைக்கும் சுற்றுகிற கைக்கும் அவர் ஒருவரே. தோல் ஒரு பக்கம், வழவழவென்று கொட்டை ஒரு பக்கம், அவர் அன்றைக்கு அலுவலகத்தில் நின்று எனக்கு விளக்கிச் சொன்னபடியே விழுந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. எல்லாம் என்னால வந்தது" என்றேன்.

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஆமா, உங்களாலதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த கைப் பழத்தை அள்ளிப் போட்டுவிட்டு, "சும்மா நிக்காம அந்தக் கூடையத் தூக்கிப் போடுங்க சார். பழம் புளிச்சிரும்" என்றார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினேன். மத்தியானம் வரை நான் பழத்தைக் கொட்ட, அவர் சுற்றினார். அந்த உத்தியோகத்தில் நான் முப்பது வருடம் இருந்தேன். ஒரு சிறு தொழிலுக்கு நான் செய்த உதவி என்று எனக்குத் தெரிந்து உருப்படியானது அந்த அரை நாள்தான்.